பிள்ளைகளோடு தூண்டில் போட வீராணம் ஏரிக்குப் போங்கள்

பிள்ளைகளுக்குத் தூண்டில் போடப் பழக்க வேண்டுமென்றால் மலைவாசத்தலங்களுக்குப் பணத்தைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் பக்கத்தில் இருப்பவர்கள் நேராக வீராணம் ஏரிக்குப் போகலாம். பொங்கல் விடுமுறைக்கு மனைவி, பத்து வயது மகள், ஏழு வயது மகன் ஆகியோருடன் போய் நேற்றுத்தான் திரும்பினேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். வழி, செலவு, தூண்டில், சாப்பாடு என்று வரிசையாகச் சொல்வதுதான் என் உத்தேசம். ஆனால் ஏரியோரத்து லால்பேட்டைக் கரையில் சாப்பிட்ட ஜிலேபி மீன் வறுவலை முதலில் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

ஏரிக்கரைச் சாலையோரம் கீற்றுப் பந்தலின் கீழே ஓர் அம்மாள் விறகடுப்பில் அகலமான இரும்புக் கல்லை ஏற்றி வைத்திருந்தார். விடியற்காலையில் வலையிலிருந்து வந்த மீனைச் செதில் உரசி, இரு பக்கமும் ஆழமாகக் கீறி, மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இடித்த பூண்டு, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கீறலுக்குள் அழுத்தித் தடவி ஒரு மணி நேரம் ஊறவிட்டுத்தான் கல்லில் போடுகிறார். எண்ணெயில் மூழ்கடிக்காமல், ஓரங்களில் மட்டும் கடலை எண்ணெயைச் சுற்றி ஊற்றி, பொறுமையாகத் திருப்பிப் போடுகிறார். தோல் மொறுமொறுவென்றும் உள்சதை வெண்மையாக ஈரம் மாறாமலும் இருந்தது. சேற்று வாடை துளியும் இல்லை. முழு மீன் ஒன்று எண்பது ரூபாய். இந்த மீனில் பாதி ருசிகூட இல்லாத துண்டுகளுக்கு நகரத்து உணவகங்களில் மூன்று மடங்கு கொடுத்திருக்கிறேன். மீனென்றால் முகத்தைச் சுளிக்கும் என் மகன் முள்ளை எடுத்துத் தரச் சொல்லித் தின்றுவிட்டு, "ஆயா, எனக்கு இன்னொன்னு" என்று தட்டை நீட்டினான். சோற்றுக்கு விரால் குழம்பு இருந்தது. விரால் எங்கேயும் விலை கூடிய மீன். குழந்தைகளுக்கு முள் தொல்லை குறைந்த மீனும் அதுதான் என்பதால் கணக்குப் பார்க்காமல் வாங்கினோம். வீராணத்துக்குப் போகிறவர்கள் கட்டுச்சோறு எடுத்துப்போகாதீர்கள் என்பதே என் முதல் அறிவுரை.

இனித் தூண்டிலுக்கு வருகிறேன். புதுச்சேரிக் கடையொன்றில் சுருளும் கைப்பிடியுமாகச் சிறுவர் தூண்டில் என்று ஆயிரத்து இருநூறு ரூபாய் சொன்னார்கள். குழந்தைகளுக்கு அது தேவையே இல்லை. அவர்கள் உயரத்தைவிடச் சற்று நீளமான மூங்கில் கழி, அதே நீளத்துக்கு நரம்பு என்னும் நைலான் இழை, மயிலிறகுத் தண்டிலோ நெட்டியிலோ செய்த மிதக்கும் தக்கை, பயற்றளவு ஈயம், மிகச் சிறிய தூண்டில் முள் ஆகியவை போதும். லால்பேட்டைக் கடைத்தெருவில் நரம்பும் தக்கையும் முள்ளும் கட்டி ஆயத்தமாக வைத்திருப்பதை நாற்பது ரூபாய்க்குத் தருகிறார்கள். முள் சிறியதாக இருக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். ஜிலேபிக்கு வாய் சிறியது, பெரிய முள்ளைப் போட்டால் இரையை மட்டும் கடித்துத் தின்றுவிட்டுப் போய்விடும், பிள்ளைகளும் கால் மணி நேரத்தில் சலித்துவிடுவார்கள். இரைக்கு மண்புழு நல்லது. புழுவைத் தொடத் தயங்கும் பிள்ளைகளுக்குக் கோதுமை மாவில் சிறிது மஞ்சள் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து கொடுத்தால் அவர்களே உருட்டி முள்ளில் குத்திக்கொள்வார்கள்.

கரைக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அங்கே வலை போடுகிறவர்களிடம் அனுமதி கேட்பது. ஏரி குளங்களில் மீன்பிடி உரிமையைக் குத்தகைக்கு விடுவது நம் பக்கத்து வழக்கம். குத்தகைக்காரரின் ஆட்கள் இருக்கும்போது கேட்காமல் தூண்டிலைப் போடுவது முறையன்று. நான் கேட்டபோது வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர், "புள்ளைங்க விளையாட்டுக்குத்தானே தம்பி, போடுங்க, மதகு பக்கம் மட்டும் போவாதீங்க" என்று சொன்னதோடு நிற்காமல், தாம் பார்த்த வேலையை வைத்துவிட்டு எங்களுடன் வந்து இடமும் காட்டினார். தண்ணீருக்குள் நாணல் முளைத்திருக்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வெயில் விழும் ஆழமில்லாத ஓரம் அது. தக்கை லேசாக ஆடியதும் மகள் கழியைத் தூக்கிவிட, "பாப்பா, ஆடும்போது இழுக்கக் கூடாது. முங்கினாத்தான் இழுக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அவள் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு தக்கையையே பார்த்திருந்தாள். தக்கை சாய்ந்து, பக்கவாட்டில் நகர்ந்து, முழுதாக உள்ளே போன கணத்தில் இழுத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி நரம்பில் துள்ளிக்கொண்டு வந்தது. அவள் போட்ட கூச்சலுக்கு எதிர்க்கரை நாரைகள்கூடப் பறந்திருக்கும். கைபேசியில் எந்த விளையாட்டும் என் மகளை இப்படித் துள்ள வைத்து நான் பார்த்ததில்லை.

குழந்தைகளுக்கு ஏற்ற மீன் ஜிலேபியே என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது பகல் வெளிச்சத்தில் கரையோரம் மேயும், காத்திருக்க வைக்காமல் கடிக்கும், பிடிபட்டால் தன் அளவுக்கு மீறிய வேகத்துடன் இழுக்கும். இது நம் ஊர் மீனன்று; ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று அது இல்லாத குளமே இல்லை என்னும் அளவுக்குப் பெருகிவிட்டது. தாய் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும் என்று பெரியவர் சொன்னபோது மகன் நம்பவில்லை. பிறகு அவர் வலையில் வந்த ஒரு மீனின் வாயைத் திறந்து மஞ்சள் முட்டைகளைக் காட்டியதும், அதைத் தண்ணீரிலேயே விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினான், அவரும் விட்டார்.

கெளுத்தி மாட்டினால் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். முதுகில் ஒன்றும் இரு பக்கத் துடுப்புகளில் ஒவ்வொன்றுமாக அதற்கு முள் உண்டு. குத்தினால் கை வீங்கும். தேளி அதைவிடக் கடுமையானது, அதன் முள்ளில் விஷமே இருக்கிறது. ஈரத்துணியால் தலையை அழுத்திப் பிடித்துப் பெரியவர்கள்தான் தூண்டில் முள்ளைக் கழற்ற வேண்டும். விரால் பிடிக்க உயிருள்ள சிறு மீனோ தவளையோ கோத்துப் போட வேண்டும், நெடுநேரம் காத்திருக்கவும் வேண்டும். அது பெரியவர்களின் வேலை. செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொப்பளித்தால் அடியில் பெரிய விரால் காவல் இருக்கிறது என்று பொருள். அங்கே எவரும் தூண்டில் போடக் கூடாது என்பது அந்தக் கரையில் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்த கட்டுப்பாடாக இருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்தது.

பாதுகாப்பைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். வீராணத்தின் முழுக்கொள்ளளவு நீர்மட்டம் 47.5 அடி என்று செய்தித்தாளில் படித்துவிட்டு, அவ்வளவு ஆழமா என்று என் மனைவி அஞ்சினாள். அது கடல்மட்டத்திலிருந்து கணக்கிடும் உயரமே தவிர ஏரியின் ஆழமன்று. ஏரி பரந்து விரிந்ததே ஒழிய அவ்வளவு ஆழமானதில்லை. ஆனால் ஆழம் குறைவு என்று அசட்டையாக இருக்கவும் முடியாது. அடியில் சேறு, கரைச் சரிவில் பாசி பிடித்த கருங்கல், எல்லாவற்றுக்கும் மேலாக மதகுகள். மதகு திறந்திருக்கும்போது மேலே தண்ணீர் அசையாததுபோல் தெரிந்தாலும் அடியில் இழுவை இருக்கும். மதகின் ஏரிப்பக்கத்தில் குழந்தைகள் நிற்கவே கூடாது. நாங்கள் இருவரில் ஒருவர் தூண்டிலைப் பார்த்தால் மற்றவர் பிள்ளைகளை மட்டுமே பார்ப்பது என்று முறை வைத்துக்கொண்டோம்.

இந்த ஏரியை நான் மற்ற ஏரிகளுக்கு மேலே வைப்பது மீனுக்காக மட்டும் இல்லை. பராந்தக சோழன் ஆண்ட 907–955 காலத்தில் அமைக்கப்பட்டு, அவனுடைய வீரநாராயணன் என்னும் பட்டப்பெயரைத் தாங்கியது இது. அவன் மகன் இராஜாதித்தன் தன் படைவீரர்களைக் கொண்டு வெட்டுவித்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் போட்ட கரையின்மேல் பேருந்தில் போகிறோம் என்பதை எண்ணும்போது எனக்கு உடல் சிலிர்த்தது. கொள்ளிடத்தில் அணைக்கரையிலிருந்து வடவாறு வழியாகக் காவிரி நீர் இதற்குள் வருகிறது. மழைக்காலத்தில் செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் அரியலூர்ப் பக்கத்து வெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. 44,856 ஏக்கர் பாசனம் பெறுகிறது. 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் போகிறது. சென்னையில் அத்தை வீட்டுக் குழாயில் வருவதும் இந்தத் தண்ணீர்தானா என்று மகள் கேட்டாள். இருக்கலாம் என்றேன். உடனே அவள் தம்பியின் கையிலிருந்த பிஸ்கட் உறை ஏரிக்குள் பறந்துவிடாமல் பிடுங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். கரையோரம் பெரியவர்கள் வீசியிருந்த மதுப் புட்டிகளையும் நெகிழித் தட்டுகளையும் பார்த்து நான்தான் அவளிடம் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். அறுந்த நைலான் நரம்பைக் கரையிலேயே எறிகிறவர்கள்மீது எனக்குக் கடுங்கோபம். அது பறவைகளின் காலில் சுற்றிக்கொண்டால் அவை தப்புவதில்லை. நாங்கள் இருந்த பகுதியில் பெண்களும் குழந்தைகளும் போகக் கழிப்பறை ஒன்றும் கண்ணில் படவில்லை. இத்தனை குடும்பங்கள் வந்து போகும் கரையில் இது பெருங்குறை.

வழியைச் சொல்கிறேன். புதுச்சேரியிலிருந்து சிதம்பரம் வரை வந்த பேருந்தை நினைத்தாலே எரிச்சலாக இருக்கிறது. இடைநில்லாப் பேருந்து என்று அதிகக் கட்டணம் வாங்கிக்கொண்டு, கைகாட்டிய இடத்திலெல்லாம் நிறுத்தி ஆளேற்றினார்கள். தலைக்கு மேலிருந்த ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொன்னதற்கு நடத்துநர் காதில் விழாதவர்போல் நடந்துகொண்டார். இருக்கையின் கிழிந்த நுரையில் உட்கார முடியாமல் மகன் என் மடியிலேயே வந்து, கடலூரைத் தாண்டியதும் வாந்தியும் எடுத்தான். மாறாக, மறுநாள் விடியற்காலை சிதம்பரத்திலிருந்து குமராட்சி வழியாகக் காட்டுமன்னார்கோயில் போகும் அரசு நகரப் பேருந்து அருமையாக இருந்தது. இருபுறமும் பச்சை வயல், சன்னலோர இருக்கை. மனைவிக்கும் மகளுக்கும் கட்டணமே இல்லை, மகனுக்கு அரைச் சீட்டு. லால்பேட்டையில் இறங்கிக் கரைக்கு நடந்தே போய்விடலாம்.

மாலையில் வீரநாராயணப் பெருமாள் கோயிலைப் பார்க்கலாம் என்று காட்டுமன்னார்கோயிலுக்கு ஆட்டோ கேட்டோம். வைணவ ஆசாரியர் நாதமுனிகள் பிறந்த ஊர் அது. சில கிலோமீட்டர் தொலைவுதான். ஓட்டுநர் முந்நூற்றைம்பது ரூபாய் கேட்டார். கழி நீளமாக இருப்பதால் தனிக்கட்டணம் என்றும், ஈரக்காலோடு ஏறுவதால் இன்னும் ஐம்பது என்றும் சொன்னார். அந்தத் தொகையில் எங்கள் நால்வரின் மதியச் சாப்பாட்டில் பெரும்பகுதி அடங்கிவிடும். மறுத்துவிட்டு நின்றோம், இருபது நிமிடத்தில் பேருந்து வந்தது, கழிகளுக்கு யாரும் காசு கேட்கவில்லை. பிள்ளைகளுடன் ஒதுக்குப்புறத்தில் நிற்கும் குடும்பத்தைப் பார்த்து விலையை ஏற்றுவது எந்த வகையிலும் நியாயமில்லை. பேருந்து நேரத்தைக் காலையிலேயே கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற ஏரிகளையும் சொல்ல வேண்டும். சேத்தியாத்தோப்புக்கு அருகே கரைமேட்டில் இருக்கும் வாலாஜா ஏரிக்கு நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து வெளியேற்றும் நீர் வருவதால் கோடையிலும் வறண்டுவிடுவதில்லை. ஆனால் நிழல் குறைவு, பக்கத்தில் சாப்பிட ஒன்றும் கிடைக்கவில்லை, சிறு பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெருமாள் ஏரி அமைதியானது, பெரியது. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளோடு இரு சக்கர வண்டியில் போகிறவர்களுக்கு ஏற்றது. புதுச்சேரிக்காரர்கள் அரை நாளில் திரும்ப நினைத்தால் பாகூர் ஏரிக்குப் போகலாம். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம். அங்கே தூண்டிலைக் கொண்டுபோகவே வேண்டாம், பறவைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பருவம் முக்கியம். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பித் தண்ணீரை வெளியேற்றும் நாட்களில் போகாதீர்கள். சித்திரை, வைகாசியில் சில ஆண்டுகள் ஏரி வறண்டு சேறாகிவிடும். தை, மாசிதான் நல்ல காலம். தண்ணீர் தெளிந்திருக்கும், வெயில் சுடாது. காலை ஏழு மணிக்குத் தூண்டிலைப் போட்டுப் பத்தரைக்கு எடுத்துவிடுங்கள். நண்பகலில் மீனும் கடிக்காது, பிள்ளைகளும் தாங்க மாட்டார்கள்.

சிதம்பரத்தில் ஓர் இரவு அறை வாடகை, பேருந்து, தூண்டில்கள், கரையில் சாப்பிட்டது, இரவு லால்பேட்டையில் வாங்கிய பிரியாணி எல்லாம் சேர்த்து நால்வருக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அதில் பாதி அறைக்கே போனது. காலை நாலரை மணிக்குப் பிள்ளைகளை எழுப்ப முடியும் என்றால் அறையே எடுக்காமல் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். பிடித்த மீன்களைப் பந்தலில் அந்த அம்மாளிடம் கொடுத்தால் சுத்தம் செய்து வறுத்தும் தருகிறார், மீனுக்கு இருபது ரூபாய்தான் வாங்குகிறார். தன் மீனை யாருக்கும் பங்கு தர மாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டதால், எனக்குத் தனியாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று.