சோத்தோங் மாதிரி முழித்த கதை

சிங்கப்பூர் வந்த மூன்றாம் வாரம், யாரோ ஒருவர் வீட்டுக் கம்பிக் கதவில் என் சாவியை விட்டுத் திருகிக்கொண்டிருந்தேன். ஈசூனில் நான் தங்கியிருந்த வட்டாரத்தில் வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) அடுக்குமாடி புளோக்குகள் எல்லாம் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். மின்தூக்கி, நடைபாதை, செருப்பு அலமாரி, துணி காயப்போடும் கம்பு வரை ஒரே ஜாடை. மாடி சரி, வீட்டு எண் சரி, புளோக் மட்டும் பக்கத்து புளோக்.

உள்கதவைத் திறந்த சீனப் பாட்டி என்னையும் சாவியையும் பார்த்துவிட்டு, "ஐயோ!" என்றார். நானும் "ஐயோ!" என்றேன். அந்த நேரத்திலும் ஒரு சின்ன சந்தோஷம், நம்ம வார்த்தை ஆயிற்றே என்று. (சீனத்திலும் அதே மாதிரி ஓர் ஒலி உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது.) ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி ஐயோவை 2016இல் உள்ளே விட்டது. பாட்டி என்னை விடவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டில் இதைச் சொன்னதும், இங்கேயே பிறந்து வளர்ந்த அண்ணன் ஒருவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "தம்பி, நீ சரியான பிளர் சோத்தோங்!" பிளர் என்றால் ஒன்றும் புரியாமல் முழிப்பது. மலாயில் சோத்தோங் என்றால் கணவாய். மிரண்டால் மையைக் கக்கித் தண்ணீரையே கலக்கிவிடும். ஊரில் இதையே 'திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி முழிக்கிறான்' என்போம். எனக்கென்னவோ கணவாய்தான் பொருத்தமாகப் படுகிறது. தொலைந்த பிள்ளை மேல் பரிதாபம் வரும். கணவாய் மேல் வராது.

குண்டு விஷயத்தில்தான் உண்மையிலேயே முகம் சுருங்கியது. பிரிண்டரில் தாளைத் தலைகீழாக வைத்ததற்கு மலாய் நண்பர் ஒருவர், "டேய் குண்டு!" என்றார். என் எடை அப்போது 54 கிலோ. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பக்கவாட்டில் எல்லாம் நின்று பார்த்தேன். நம் குண்டுதான் சிங்கிலீஷுக்குள், அதாவது இந்த ஊர்ப் பேச்சு ஆங்கிலத்துக்குள் போய் 'மக்கு' ஆகியிருக்கிறதாம். தமிழ் வார்த்தைக்குத் தமிழனுக்கே அர்த்தம் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் இங்கே நான் கற்றதில் முதல் இடம் 'கெனா'வுக்குத்தான். மலாயில் 'படுவது', 'மாட்டுவது' மாதிரி. திட்டு விழுந்தால் கெனா, அபராதம் என்றாலும் கெனா, புறா தலையில் எச்சமிட்டாலும் கெனா. நாம் இதற்கெல்லாம் 'வாங்கு' என்போம்: திட்டு வாங்கினேன், அடி வாங்கினேன், பல்பு வாங்கினேன். என்னவோ கடைக்குப் போய்ப் பேரம் பேசி வாங்கிவந்த மாதிரி! கெனாவில் நம் கை எதுவுமில்லை. வந்தது, பட்டது, அவ்வளவுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, சனிக்கிழமை சரக்கு எண்ணும் வேலை என் தலையில் விழுந்தது. "கெனா ஏரோ!" என்று அண்ணன் கைகொட்டினார். ஏரோ என்றால் அம்புதான். 1967இல் கட்டாய தேசிய சேவை வந்த ஊர் இது. பட்டாளத்துப் பேச்சு அலுவலகத்திலும் புழங்குகிறது. யார் மேல் குறி விழுகிறதோ அவர் தலையில் வேலை. எய்தவர் மேலாளர், அவரை நோக முடியுமா? பேசாமல் போய் எண்ணினேன். போதாக்குறைக்குக் கணக்கு இரண்டு பெட்டி உதைத்தது. அதற்கும் எனக்கே திட்டு. மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்த கதைதான்.

அன்றிரவு அம்மாவிடம் பேசும்போது நினைக்காமலே வாயில் வந்துவிட்டது.

"இன்னைக்கு ஆபீஸ்ல நல்லா கெனாம்மா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "கெனாவா? யாருடா அது, உன் மேனேஜரா?"

"கிட்டத்தட்ட அப்படித்தாம்மா" என்றேன்.