ரைட்எல் முடிந்தது, சிப் ஏன் அசையவில்லை?

பினாங்கு பாயான் லெப்பாஸில் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு.

லினக்ஸ் கெர்னலில் சிப்பின் பிசிக்கல் முகவரியை அப்படியே பாயிண்டராக்கித் தொட்டால் ஊப்ஸ்தான் (கெர்னல் பிழை). முதலில் ஐஓரீமேப் (அந்த முகவரியைக் கெர்னல் தொடக்கூடியதாக்கும்), பிறகு படிக்க ரீட்எல், எழுத ரைட்எல். பாயிண்டருக்கு வெறும் வாலட்டைல் (அணுகலை நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்வது) போதாது: டிஎம்ஏ பஃபரில் (சிப் நேரடியாகப் படிக்கும் நினைவகம்) எழுதியதும் டோர்பெல் ரெஜிஸ்டரில் ('வேலை தயார்' என்று சிப்புக்குச் சொல்வது) எழுதியதும் ஏஆர்எம் செயலிகளில் முன்பின் ஆகிவிடலாம்.

பிசிஐஇ-யில் (சிப்பைக் கணினியோடு இணைக்கும் பாதை) இன்னொரு கூத்து. ரைட்எல் முடிந்தாலும் தரவு வழியிலேயே நிற்கலாம். ரீசெட் பிட் போட்டு 10 மைக்ரோவினாடி காக்க வேண்டுமா? அதே டிவைஸில் தொந்தரவில்லாத ஒரு ரெஜிஸ்டரைப் படித்துவிட்டு (முன் எழுதியது போய்ச் சேர்ந்த பிறகே படித்தது திரும்பி வரும்), அப்புறம் யுடிலே (மைக்ரோவினாடிக் கணக்கில் காக்கும் அழைப்பு). இல்லையென்றால் ரீசெட் போய்ச் சேருமுன்பே காத்திருப்பு தீர்ந்துவிடும். (படித்தாலே அழியும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் வேண்டாம், இன்டரப்ட் காணாமல் போகும்!)

படித்தால் 32 பிட்டும் 1 என்றே வருகிறதா? லிங்க் விழுந்திருக்கலாம். அல்லது டிவைஸை இயக்கிவிடும் பிசிஐ_எனேபிள்_டிவைஸ் அழைக்க மறந்திருப்பீர்கள்.