நேர்ந்துகொண்ட முடி

இரண்டரை ஆண்டுகளாக நிலுவையில் இருந்த நேர்ச்சையை, அந்தோணியாரின் கிருபையால், சென்ற செவ்வாய்க்கிழமை, கடலோரத்து உவரி அந்தோணியார் கோயிலில் செலுத்திவிட்டு வந்தோம். எங்கள் சின்னவளுக்கு ஆறு வயதாக இருந்தபோது கால் வலிக்கிறது என்று அழுதாள். வளரும் பிள்ளைக்கு வரும் வலிதான் என்று சொல்லி மருந்து கொடுத்து அனுப்பினார்கள். காய்ச்சல் விட்டுவிட்டு வந்து, அடிபடாமலே முழங்காலுக்குக் கீழே நீலம் நீலமாகக் கன்றிப்போன பிறகுதான் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஏ.எல்.எல். என்னும் இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்த இரவு, திசையன்விளையில் இருந்த என் அம்மா யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், பிள்ளை பிழைத்தால் உவரியில் அவளுக்கு மொட்டையடித்து, வந்தவர்களுக்குச் சோறு போடும் அசனம் கொடுப்பதாக முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டார்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். என் மனைவி மெஞ்ஞானபுரத்துப் பக்கம் சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டண்ட் சபைக் குடும்பத்தில் பிறந்தவள். கர்த்தரிடம் நேரே கேட்பதை விட்டுவிட்டு இடையில் ஆள் எதற்கு என்பது என் மாமியாரின் கட்சி. கல்யாணத்தின்போது கூட இது பெரிய பேச்சாக இருந்தது. ஆனால் மருத்துவமனையில் பிள்ளையின் கட்டிலருகே, ஒருவர் சங்கீதம் என்று சொல்லியும் மற்றவர் திருப்பாடல் என்று சொல்லியும், இரண்டு பாட்டிகளும் மாறி மாறி வாசித்தது ஒன்றையேதான்.

சிகிச்சை திருவனந்தபுரத்தில், நம் பக்கத்து ஆட்கள் ஆர்.சி.சி. என்றே சொல்லிப் பழகிய மண்டலப் புற்றுநோய் மையத்தில் நடந்தது. பாளையங்கோட்டையிலிருந்து எத்தனை முறை போய்வந்தோம் என்ற கணக்கு என்னிடம் இல்லை. முப்பந்தலில் ஓடும் காற்றாடிகளையும் நிற்கும் காற்றாடிகளையும் சின்னவள் தனித்தனியாக எண்ணி நோட்டில் எழுதிய கணக்குதான் இருக்கிறது. அறை பிடித்துத் தருகிறேன் என்று முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமற்போன தரகரைப் பற்றி இங்கே எழுதி இந்த நல்ல நாளைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

முதல் மாதம் ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்பி, பசி அடங்காமல், இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து சொதி வேண்டும் என்று அழுவாள். அந்த ஒற்றை அறையில், ஒரே ஸ்டவ்வில், தேங்காய்ப்பால் பிழிந்து என் மனைவி சொதி வைத்ததும், அதைச் சாப்பிட்டு முடிக்கும் முன்பே பிள்ளை தட்டின் மேல் தூங்கிவிழுந்ததும் பலமுறை நடந்தன. முதுகில் ஊசி போடும் நாட்களில் அவளை இறால் மாதிரி சுருட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது வாரம் தலையணை முழுவதும் முடி கிடந்தது. இடுப்பு வரை வளர்த்திருந்த முடி அது. நேர்ச்சை அப்போது என் நினைவுக்கு வரவில்லை, அம்மாவுக்கு வந்திருக்கும்.

இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்தபோதெல்லாம் இரத்தம் கொடுக்க ஆள் தேட வேண்டியிருந்தது. எடுத்த தட்டணுக்கள் 5 நாளுக்கு மேல் தாங்காது என்பதால் முன்கூட்டி வாங்கி வைக்கவும் வழியில்லை. மேலப்பாளையத்திலிருந்து நோன்பு திறந்த கையோடு வண்டியேறி வந்து கொடுத்த தம்பி, எங்கள் தெருவில் எதிர்வீட்டு அம்மன் கோயில் பூசாரியின் மகன், பங்கு இளைஞர்கள் என்று வந்தவர்கள் அத்தனை பேருக்கும் உவரியில் நடந்த பூசையில் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டேன். அவர்களை அனுப்பியதும் அந்தோணியார்தான் என்று நான் சொன்னால் அவர்களில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடும் நீண்ட காலம் வந்தது. தினமும் இரவில் ஒன்று, வாரத்துக்கு ஒருநாள் மட்டும் கூடுதலாக மெத்தோட்ரெக்சேட் என்னும் புற்றுநோய் மாத்திரை. அந்த ஒருநாள் செவ்வாயாக அமைந்தது. மாத்திரையை பிளேடால் பாதியாக நறுக்கி, தட்டில் உதிர்ந்த தூளைக்கூட விரலால் ஒற்றிச் சேர்த்து என் மனைவி கொடுக்க, அம்மா அந்தோணியார் நவநாள் செபத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். ஏன் செவ்வாய் என்று சின்னவள் ஒருநாள் கேட்டாள். 1231-இல் பதுவா நகரில் அவரை அடக்கம் செய்த நாள் செவ்வாய் என்று சொன்னேன். தனக்கு மாத்திரை நாள் என்பதால்தான் என்று அவள் நினைத்திருந்தாளாம்.

மருந்து நிறுத்திச் சில மாதங்கள் கழிந்து, மருந்து ஏற்றப் பொருத்தியிருந்த குழாயையும் எடுத்துக் காயம் ஆறி, இரத்த அணுக்களின் கவுண்ட் சரியாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் நாள் குறித்தோம். கடலில் ஒரு முழுக்குப் போடலாமா என்று கேட்டேன். போடலாம், தண்ணீரைக் குடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

செவ்வாய் என்பதால் கூட்டம் சொல்லி முடியாது. ஊருக்குள் நுழையும் முன்பே, ரசீதுப் புத்தகம் இல்லாத ஒருவர் வண்டியை மறித்துப் பணம் வாங்கினார். மெழுகுவர்த்தியை நம் கையில் திணித்துவிட்டுப் பின்னாலேயே வந்து விலை கேட்கும் பெண்களிடம் கோபப்படவும் முடியவில்லை. கூட்டத்தில் யார் இருமினாலும் என் மனைவி பிள்ளையின் முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டரை ஆண்டுப் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா?

சுரூபத்துக்கு முன்னால் நின்றபோதுதான் வீட்டில் பேசாமல் ஒத்திவைத்த பேச்சு வந்தது. காய்ச்சல் வந்த இரவுகளில் கூட அவ்வளவு அழாத பிள்ளை, மொட்டை என்றதும் தோளைத் தொடும் தன் முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். புதிதாக வந்த முடி முன்பு போல நேராக இல்லாமல் சுருண்டு வளர்ந்திருந்தது. அவளுக்கு அதில் பெருமை அதிகம். நேர்ந்தது நேர்ந்ததுதான் என்று அம்மா சொல்ல, என் மனைவி வாயைத் திறக்காமல் பிள்ளையை அணைத்துக்கொண்டு நின்றாள். அப்போது சின்னவள், எங்களிடம் அல்ல, கையில் குழந்தை ஏசுவோடு நிற்கும் அந்தோணியாரைப் பார்த்துக் கேட்டாள்: “ஒரு தடவை எடுத்தாச்சே, அந்தக் கணக்கு சேராதா?”

போர்த்துக்கீசியக் கப்பலொன்றில் காலரா கண்டபோது கப்பல் தச்சர் ஒருவர் செதுக்கியதாகவும், அதன் பின் கப்பலில் இருந்தவர்கள் சுகமானதாகவும் அந்தச் சுரூபத்தைப் பற்றி வழிவழியாகச் சொல்வார்கள். நோயின் நடுவே யாரோ நேர்ந்துகொண்டு செதுக்கிய அந்த முகத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்; அன்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்த கூட்டமும் அந்தச் சிறிது நேரம் தள்ளாமல் நின்றதாகவே எனக்குப் பட்டது. அம்மா உதடு அசையாமல் வெகுநேரம் நின்றார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சேரும் மக்களே. நேந்தது நாந்தான?” என்று சொல்லிவிட்டு நேரே முடியெடுக்கும் இடத்துக்கு நடந்தார். எழுபத்திரண்டு வயதில் கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அவர் குனிந்து உட்கார்ந்ததைப் பார்த்து, அதுவரை ஒதுங்கியே நின்ற என் மாமியார் ஓடிவந்து, சம்பந்தியின் தோளில் விழுந்த முடியைத் தட்டிவிட்டார். வாய் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. சின்னவளின் முடியில் ஒரு கொத்தை மட்டும் கத்தரித்து அதோடு சேர்த்தோம்.

கடலில் ஒரே ஒரு முழுக்கு, தண்ணீர் குடிக்கவில்லை. உப்பும் மிளகும் காணிக்கையாகப் போட்டு, அசனப் பந்தி வைத்தபோது சோறு பரிமாறும் பொறுப்பை மாமியார் தானாகவே எடுத்துக்கொண்டார். சாம்பாரில் உப்பு சற்றுக் கூடிவிட்டது. யாரும் குறையாகச் சொல்லவில்லை.

பந்தி முடிந்து மணலில் உட்கார்ந்திருந்தபோது, சின்னவள் தன் பையில் துழாவி, திருவனந்தபுரத்தில் போட்டிருந்த பழைய துணித் தொப்பியை எடுத்து அம்மாவின் தலையில் மாட்டி, காது மூடும்படி இழுத்துவிட்டாள். “வெயில்ல சுடும் ஆச்சி, கழட்டாத. ரெண்டு வாரம் குத்தும். பொறவு மெத்துன்னு வந்துரும்.”