தூக்குக்குண்டுக்கு மாறாக

மாஸ்கோவின் ஸ்டாலின் கால உயர்மாடிகள் ஏழில் 'கிராஸ்னியே வரோத்தா', அதாவது சிவப்பு வாசல் கட்டடம், பேச்சில் வந்தால் அஸ்திவார வேலை பார்ப்பவர்கள் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்போம். வேண்டுமென்றே சாய்த்துக் கட்டிய கோபுரம் அது. மண் அமுங்கும்போது அது தானே நிமிரும் என்ற கணக்கை அதன் பொறியாளர் விக்டர் அப்ரமோவ் எதை வைத்து நம்பினார்?

24 மாடி எஃகுச் சட்டகம். ஒட்டினாற்போல் மெட்ரோவின் புது வாயிலுக்கு ஆழமான குழி. மண்ணோ நீர் ஊறிய மணல். ஒன்றை முடித்து மற்றதைத் தொடங்கியிருக்கலாம், ஆண்டுகள் இழுத்திருக்கும். இரண்டையும் சேர்த்தே நடத்தினார்கள், மண்ணை உறையவைத்து.

முறை தெரிந்ததுதான். குழியைச் சுற்றி நெருக்கமாகத் துளை போட்டு, குழாய்க்குள் குழாய் இறக்கி, குளிரூட்டிய கால்சியம் குளோரைடு கரைசலை ஓடவிட வேண்டும். ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் வளரும் பனித்தூண்கள் ஒட்டிச் சுவராகும். ஒரு துளை கோணினாலும் நடுவில் இடைவெளி விழும். தண்ணீர் அந்த வழியே மணலையும் இழுத்துக்கொண்டு வரும்.

ஆனால் தொல்லை அதில் இல்லை, வீக்கத்தில். நீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருகும். வண்டல் கலந்த மண் என்றால் உறையும்போதே கீழிருந்து இன்னும் நீரை உறிஞ்சிக்கொள்ளும். குழிப் பக்கம் மேலெழும்பும். இளகும்போதோ பழைய மட்டத்துக்கும் கீழே அமுங்கும். அதனால் கோபுரத்தைக் குழிக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்தே எழுப்பினார்கள். உச்சியில் 16 சென்டிமீட்டர் என்பார்கள்.

வீக்கத்தை அளந்து பார்க்கலாம், தினமும் மட்டம் எடுக்கலாம். அந்த அளவில் இது துணிச்சல் இல்லை, சுத்தமான கணக்கு. அப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அமுங்கப்போகும் அளவை முன்கூட்டி அளக்க வழியில்லை. தூணை முடுக்குகிறவனுக்குத் தெரிந்த ஒரே நியாயம், நூலில் தொங்கவிட்டு நேர் பார்க்கும் தூக்குக்குண்டு. அதற்கு மாறாக நிறுத்தச் சொல்லும்போது அவன் கையில் வேறு எந்தச் சாட்சியைக் கொடுப்பது? இளகத் தொடங்கியபின் நிறுத்தவும் முடியாது. ஒரு மூலை முந்திக்கொண்டால் சட்டகம் முறுக்கிக்கொள்ளும்.

கட்டடம் 1953-இல் முடிந்தது. மெட்ரோ வாயில் 1954-இல் திறந்தது. மண் இளகியது, கோபுரம் நிமிர்ந்தது. இன்றும் கிட்டத்தட்ட நேராக நிற்கிறது. கணக்கு சரி என்பதற்கு அது போதும். இன்னொரு குழியின் ஓரத்தில் அதே கணக்கைப் போட அது போதுமா என்ற இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் பேச்சு நின்றுபோகிறது.