மியோல்னிர் ஹோம்ப்ரூ: உலைக்களக் கட்டம் ஒருவழியாகச் சரிவந்தது

டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் ஆட்டம்) ஐந்தாம் பதிப்பின் மந்திரச் சுத்தியல் ஹேமர் ஆஃப் தண்டர்போல்ட்ஸ், நார்ஸ் புராண இடித்தேவன் தோரின் மியோல்னிர்தான் என்று சொல்லத் தேவையில்லை. 2014 விதிப்படி அதை அட்யூன் செய்ய (அதன் மந்திரத்தோடு பிணைந்துகொள்ள) பெல்ட் ஆஃப் ஜயன்ட் ஸ்ட்ரெங்த், காண்ட்லெட்ஸ் ஆஃப் ஓகர் பவர் இரண்டும் போட்டிருக்க வேண்டும். ஸ்னோரி எழுதிய நார்ஸ் புராண நூலான எட்டாவில் தோருக்குச் சொல்லும் அதே மூன்று: சுத்தியல், கச்சை, இரும்புக் கையுறை. ஒருவருக்கான அட்யூன்மென்ட் வரம்பும் மூன்றோடு தீர்ந்துவிடும். அருமையான விதி. ஆனால் சுத்தியல் உருவான கதைக்கு ஆட்டத்தில் இடமில்லை. அந்தக் கதையையே ஆடும்படி ஹோம்ப்ரூவாக (நாங்களே அமைத்த விதிகளாக) எழுதினோம், கடைசி செஷனில் தடங்கலில்லாமல் ஓடியது.

குள்ளர் சகோதரர்களில் எய்ட்ரி உலையைப் பார்க்க, ப்ரொக் துருத்தி ஊதுகிறான். அவர்களோடு பந்தயம் கட்டி, கெடுக்க ஈயாக வந்த லோகி முதலில் கையில், அடுத்து கழுத்தில், கடைசியாக இமையில் கடிக்கிறான். ரத்தம் கண்ணை மறைக்க, ப்ரொக் அதைத் துடைக்கும் அந்த நொடியில் காற்று குறைகிறது. சுத்தியலின் பிடி குட்டையாகிவிடுகிறது.

துருத்தி ஊதுபவருக்கு மூன்று கான்ஸ்டிடியூஷன் சேவ் (உடல் தாங்குகிறதா என்று இருபது முகப் பகடை உருட்டுவது): டிசி, அதாவது எட்ட வேண்டிய எண், 10, 13, 16. உருட்டியதோடு கூட்ட +3 இருந்தால் 70, 55, 40 சதவீதம். மூன்றும் தேறுவது 15.4 சதவீதம்தான். ‘ஒன்று போனால் எல்லாம் போச்சு’ என்று வைத்தால் கட்டம் செத்துவிடும். எட்டாவிலும் அப்படி இல்லை. ஒவ்வொரு கடிக்கும் ஒரு பொருள். முதல் சேவ் பன்றி குல்லின்பர்ஸ்டிக்கு, இரண்டாவது மோதிரம் டிராப்னிருக்கு, மூன்றாவது மட்டுமே சுத்தியலுக்கு. (டிராப்னிர் ஒன்பது இரவுக்கு ஒருமுறை எட்டு மோதிரம் சொட்டும். ஒன்றின் மதிப்பு 25 ஜிபிக்கு (பொன் நாணயம்) மேல் போக விடாதீர்கள்.) சேவ்களுக்கு நடுவே ஒரு மணி நேர இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் சேவுக்குக் கைகொடுக்கும் ஒரே பிளெஸ் மந்திரத்தில் மூன்றையும் தாண்டிவிடுவார்கள்.

ரொம்ப நேரம் தின்றது மூன்றாவது சேவின் தோல்விதான். 2014 சுத்தியல் ஒரு மால் (பெரிய சம்மட்டி): சேதம் 2d6 (இரண்டு ஆறு முகப் பகடை), இரண்டு கையும் வேண்டும். குட்டைப் பிடியை ஒற்றைக்கை வார்ஹேமர் ஆக்கினோம்: 1d8, வெர்சடைல் (இரு கையால் பிடித்தால் கூடுதல் சேதம்) கிடையாது. ஹில் ஜயன்ட் பெல்ட்டில் ஸ்ட்ரெங்த் 21, சுத்தியலால் 4 கூடி 25; அதற்குச் சேதத்தில் +7, சுத்தியலின் சொந்த +1. மால் சராசரி 15, குட்டைப் பிடி 12.5. ஆறில் ஒரு பங்கு சேதம் போகிறது, பதிலுக்குக் கேடயம் பிடித்து ஏசி (தற்காப்பு எண்) +2. 2014 சுத்தியல் எறிந்தால் திரும்பி வராது. திரும்பி வரும் திறனை டுவார்வன் த்ரோயர் என்ற இன்னொரு மந்திரச் சுத்தியலிலிருந்து எடுத்து, குட்டைப் பிடிக்கு மட்டும் கொடுத்தோம். இப்போது சேவ் தவறினாலும் மேசையில் யாருக்கும் முகம் வாடுவதில்லை.

இந்த டி அண்ட் டி பொருட்கள் எல்லாம் எஸ்ஆர்டி 5.1-இல் (ஆட்ட விதிகளின் அதிகாரப்பூர்வத் தொகுப்பு) இலவசமாகவே இருக்கின்றன. 2023 முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் மாற்றி எழுதிப் பகிரவும் தடையில்லை.

லோகியின் பந்தயத்துக்குத் தேவர்கள் தீர்ப்புச் சொல்லும் காட்சி இன்னும் பாக்கி. அதற்குள் மனசு கையுறைக்குப் போய்விட்டது. பெல்ட் ஸ்ட்ரெங்த் 21 தரும்போது கையுறையின் 19 சும்மா கிடக்கிறது. கெய்ரோட் என்ற அரக்கன் எறிந்த பழுக்கக் காய்ந்த இரும்பைத் தோர் கையுறையால் பிடித்துத் திருப்பி எறிவானே, அதை மாங்க் வகுப்பின் டிஃப்ளெக்ட் மிஸைல்ஸ் (எறிபடையின் சேதத்தைக் குறைக்கும் திறன்) மாதிரி ரியாக்‌ஷனாகத் தரலாம். 1d10+7 குறைத்தால் சராசரி 12.5; ஃபயர் ஜயன்ட் எறியும் பாறையின் சேதம் சராசரி 29. லெவலையும் கூட்டினால் 15ஆம் லெவலில் 27.5 வரும். அடுத்து அதைத்தான் உருட்டிப் பார்க்கப் போகிறோம்.