பறை காய்ச்சிய நாட்கள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

நாளை பறைப் பதிவு. இசையமைப்பாளர் அனுப்பிய பட்டியலில் பறை வரும் இடங்கள் மூன்று: சாவு ஊர்வலம், அடிதடி, குடித்துவிட்டு ஆடும் பாட்டு. ஒலிப்பதிவு வேலைக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. பறை கேட்டு வந்த படங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றைத் தாண்டியதில்லை. நாதஸ்வரத்துக்கு 1962இல் ‘கொஞ்சும் சலங்கை’ கிடைத்தது, எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் சரிக்குச் சரி நின்றது. 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ வந்தது. நாயகனே நாதஸ்வர வித்வான். பறைக்கும் ஒரு காட்சியாவது வேண்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

ஜூன் 4, புதன்

நான்கு பேர் வந்தார்கள். மூத்தவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். முதல் டேக் கணீரென்று விழுந்தது. மூன்றாவது டேக்கில் சத்தம் தொளதொளவென்று ஆகிவிட்டது. மைக்கை நகர்த்திப் பார்த்தேன். பெரியவர் விரலால் தோலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “மைக்குல ஒண்ணுமில்ல தம்பி, தோலு குளுந்துருச்சு. காய்ச்சணும்” என்றார்.

மாட்டுத்தோல், வேப்பமரச் சட்டம், புளியங்கொட்டைப் பசை. சூடு பட்டால் தோலின் ஈரம் போய் விறைக்கும், சுருதி ஏறும். ஏசிக் குளிரில் அது இறங்கத்தானே செய்யும்? ஸ்டுடியோவின் பின்புறம் காகிதமும் வைக்கோலும் போட்டுத் தீ மூட்டினோம். பறையைத் தீயில் காட்டிச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். நடுவில் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். சுருதி பார்க்கும் ட்யூனர் எதுவும் இல்லை. அப்புறம் ஏசியை அணைத்துவிட்டே பதிந்தோம். எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. கணினியில் முன்பே பதிந்து வைத்திருக்கும் பறை சாம்பிள்களில் இந்தச் சூடு ஏறுவதும் இறங்குவதும் கிடையாது. முதல் அடியும் நூறாவது அடியும் ஒன்றேபோல இருக்கும்.

ஜூன் 5, வியாழன்

இடைவேளையில் பெரியவரிடம் அடிகளை, அதாவது பறையின் தாள வகைகளைப் பற்றிக் கேட்டேன். சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மாரடிப்பு அடி, ஒத்தையடி, வாழ்த்தடி என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றையும் தொடையில் தட்டிக் காட்டினார். ‘சினிமா அடி’ என்றும் ஒன்று இருக்கிறதாம்!

“எங்கள எழவுக்கு மட்டுந்தான் கூப்புடுவாங்க. கூலியக் கையில குடுக்க மாட்டாங்க, தரையில வைப்பாங்க. அதான் எம்மகன் எழவுக்கு அடிக்க மாட்டேன்னுட்டான். அவன் செஞ்சதுதான் சரி.”

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் தெய்வம், உணவு, மரத்தோடு பறையையும் வைக்கிறது. பறைதல் என்றால் சொல்லுதல். ஊருக்கே செய்தி சொன்ன கருவியைச் சாவு வீட்டு வாசலில் நிறுத்தியது சாதி. நம் படங்களும் அதை அங்கேயே விட்டுவைத்திருக்கின்றன. இதை எழுதும்போது கோபம் வருகிறது.

ஜூன் 6, வெள்ளி

துணிந்து இசையமைப்பாளரிடம் கேட்டேன்: அம்மா இரவெல்லாம் திண்ணையில் மகனுக்காகக் காத்திருக்கும் நாற்பது விநாடிக்குப் பறை வைத்துப் பார்க்கலாமா? வயலின் எழுதி வைத்திருந்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஒரு டேக் எடு” என்றார்.

பெரியவருக்குக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். வலக்கையிலிருந்த சுண்டுக்குச்சியைக் கீழே வைத்துவிட்டார். இடக்கையில் சிம்புக்குச்சி மட்டும். அந்த மெல்லிய மூங்கில் சிம்பால் தோலின் ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, தொட்டும் தொடாமலும் ஓர் அடி. ஒரு மூச்சு விட்டு இன்னொன்று. தாளம் காட்டும் கிளிக் சத்தம் வேண்டாம் என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டார். திரையில் அந்த அம்மா கண் இமைப்பதைப் பார்த்தே அடித்தார். மைக்கை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோனேன். தோளில் மாட்டிய வார் உரசுவதுகூடக் கேட்டது. அதை நீக்க எனக்கு மனம் வரவில்லை.

ஜூன் 14, சனி

மிக்ஸிங் முடிந்தது. வயலின் போய்விட்டது, பறை இருக்கிறது, வார் உரசலோடு. பெயர்ப் பட்டியலில் ‘பறைக் குழு’ என்று மொத்தமாகப் போட்டிருந்தார்கள். நான்கு பேரின் பெயரையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தேன், சேர்த்துக்கொண்டார்கள்.

பெரியவருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

“எத்தனாவது நிமிசத்துல வருது தம்பி? பேத்திகிட்டச் சொல்லி வைக்கணும்.”

படத்தை ஓட்டிப் பார்த்துச் சொன்னேன்: இடைவேளைக்கு அப்புறம், பதினேழாவது நிமிஷம்.