இனிஷியலை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிடும். விவரம் தெரியாததால் அல்ல. தலைமுறை மாறினாலும் மாறாத ஒரு குடும்பப் பெயரை அந்தக் கட்டம் கேட்கிறது. நம்மிடம் இருப்பதோ ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறுகிற அப்பா பெயர், அதுவும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப்போய்.

இந்த வழக்கம் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். எழுத்தாகச் சுருக்கியது வேண்டுமானால் அப்போது வந்திருக்கலாம், அடுக்கு பழையது. சங்கப் புலவர் ஒருவரின் பெயர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். ஊர், அப்பா, பிறகு ஆள். கணக்காயர் என்றால் ஆசிரியர். ஆக அப்பாவின் தொழிலும் உள்ளே வந்துவிட்டது. உறையூர் ஏணிச்சேரி முடமோசியாருக்கு ஊர் போதவில்லை, சேரியும் வேண்டியிருந்தது. இன்றைக்கு அது கதவு எண் இல்லாத முகவரி மாதிரி இருக்கும். ஆளைத் தனியாகச் சொல்லத் தெரியாத மொழி இது. எந்த ஊர், யார் மகன் என்று கேட்டுவிட்டுத்தான் பேர் என்ன என்று கேட்கும்.

அதே அடுக்கு அப்படியே 20-ஆம் நூற்றாண்டுக்கும் வந்தது. உ.வே.சா.வின் 'உ' உத்தமதானபுரம், 'வே' அப்பா வேங்கடசுப்பையர். சி.என். அண்ணாதுரையின் 'சி', அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டில் காஞ்சிபுரம், 'என்' நடராசன். பிறகு ஊர் எழுத்து மெல்ல உதிர்ந்தது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போனவர்களுக்கு, பிள்ளை பிறந்த ஊரைப் போடுவதா பூர்வீகத்தைப் போடுவதா என்பதே கேள்வியாகிவிட்டது. இரண்டு எழுத்து ஒன்றானது.

பெயருக்குப் பின்னால் இருந்த ஒட்டு உதிர்ந்தது வேறு கதை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரோடு சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. அதன்பின் தமிழ்நாட்டில் பொது இடத்தில் சாதி ஒட்டோடு பெயர் சொல்வது கூச்சமான காரியமாக மாறியது. இந்தியாவின் மற்ற பகுதிகளில் சர்நேம் கட்டத்தில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் இந்த ஒட்டுதான். நம் கட்டம் காலியாக இருப்பதற்கு ஒரு நூற்றாண்டு அரசியல் காரணம் உண்டு; அதைக் குறையாக நினைத்து மன்னிப்புக் கேட்கும் தொனியில் நிரப்ப வேண்டியதில்லை. (சாதி போய்விட்டதா என்று கேட்காதீர்கள். பெயர்ப்பலகையில் இருந்து போயிருக்கிறது. வரன் தேடும் விளம்பரத்தில் முதல் வரியிலேயே இருக்கிறது.)

இன்னொன்றையும் கவனிக்கலாம். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். அந்த வழக்கத்தை விடாத வீடுகளில் மு. இளமாறனின் மகன் இ. முருகேசன், அவன் மகன் மறுபடி மு. இளமாறன். இரண்டே பெயர் மாறி மாறி நூறாண்டு ஓடும். பழைய பத்திரத்தையோ பட்டாவையோ வைத்து வம்சாவளி எழுதுபவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள்: ஒரே பெயர், ஒரே இனிஷியல், ஆனால் ஆள் தாத்தாவா பேரனா? பெயரை விட்டுவிட்டுப் பத்திரத்தின் ஆண்டையும், கூடவே வரும் மனைவி பெயரையும் பார்த்தால்தான் பிடிபடும்.

எழுத்திலும் ஒரு நுணுக்கம். தமிழில் இனிஷியல் உயிர்மெய்யாக வரும்: மு., செ., கி. ஆங்கிலத்தில் போட்டால் 'எம்' ஒன்றுக்குள் முருகேசனும் மாணிக்கமும் மீனாட்சியும் அடங்கிவிடுவார்கள். ராமசாமி மகன் 'ரா.' என்றும் எழுதுவான், ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற இலக்கணப்படி 'இரா.' என்றும் எழுதுவான். எது வேண்டுமானாலும் சரி, பத்திரத்துக்குப் பத்திரம் மாற்றாதவரை. தமிழில் பெயர் எழுதும்போது இனிஷியலும் தமிழில்தான் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையே போட்டது. 'எஸ். கண்ணன்' என்று தமிழில் எழுதும் கை இன்னும் மாறவில்லை.

சரி, கட்டத்துக்கு வருவோம். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்துத்தான் எழுத வேண்டும். வழி மூன்று. ஒன்று, சர்நேமைக் காலியாக விடுவது. இந்தியாவுக்குள் இது பிரச்சினையே இல்லை, விமானம் ஏறும்போதுதான் ஆரம்பிக்கும். அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் சர்நேம் கட்டத்துக்குத் தாவி, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்பா அம்மா யோசித்து வைத்த பெயர் 'தெரியவில்லை' ஆகிவிடுகிறது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்றது. பிறகுதான் உள்ளே அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது.

இரண்டாவது, அப்பா பெயரை சர்நேமாகப் போடுவது. பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஆனால் விளைவைத் தெரிந்து போடுங்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் 'மிஸ்டர் முருகேசன்' என்று கூப்பிட்டால் எழுந்து போக வேண்டியது இளமாறன். அவர் மகள் நிலாவுக்கு சர்நேம் இளமாறன், மனைவிக்கு அவர் அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று சர்நேம். எல்லையில் கேள்வி வரும். குழந்தையோடு பயணம் செய்தால் அதன் பிறப்புச் சான்றிதழ் கைப்பையில் இருக்கட்டும், பெட்டிக்குள் அல்ல.

மூன்றாவது, தாத்தா பெயரை அப்படியே உறையவைத்து, இனி எல்லாருக்கும் முருகேசன் என்று விடுவது. ஐரோப்பாவுக்குப் போன ஈழத்துக் குடும்பங்கள் பலவற்றில் இப்படித்தான் ஆனது. பயணத்துக்கு வசதி, ஆனால் அப்பா பெயர் பிள்ளையின் பெயரில் இருக்காது. மலேசியாவில் பெயரை வளைக்காமல் படிவத்தை வளைத்தார்கள்: ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி, அதாவது இன்னார் மகன், இன்னார் மகள். மதுரைக் கணக்காயனார் மகனார் அங்கே அடையாள அட்டையில் இன்னமும் உயிரோடு இருக்கிறார்.

எந்த வழி எடுத்தாலும் முதல் ஆவணத்திலேயே எடுங்கள். பிறப்புப் பதிவேட்டில் குழந்தையின் பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை. அடுத்த சுலபமான வாய்ப்பு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முன் பள்ளியில் பெயர்ப்பட்டியல் சரிபார்க்கும் நேரம். அப்போது மாணவனிடம் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். பெற்றோர் கண்ணில் படுவதில்லை. 'எல்' ஒன்றா இரண்டா, அப்பாவின் ஆதாரில் இருக்கும் அதே எழுத்துக்கூட்டுதானா என்று அன்றே பாருங்கள். அது தவறிப்போனால் அரசிதழில் பெயர் மாற்றம்தான். அரசிதழ் வந்தாலும் பழைய மதிப்பெண் சான்றிதழ் தானாக மாறாது, இரண்டையும் சேர்த்தே காட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பான் அட்டையை எடுத்துப் பாருங்கள். நான்காவது எழுத்து 'பி', தனிநபர் என்பதற்கு. ஐந்தாவது, கடைசிப் பெயர் கட்டத்தில் எழுதிய பெயரின் முதல் எழுத்து. அன்று அங்கே யார் பெயரை எழுதினீர்கள், உங்களுடையதா அப்பாவுடையதா என்பது அதில் பதிவாகியிருக்கும். பிறகு பெயரை மாற்றினாலும் எண் மாறாது.

கல்யாணமானதும் பெண்ணின் இனிஷியலைக் கணவர் எழுத்துக்கு மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும் அவசரத்தில் ஒன்றில் மாற்றி, மற்றதில் விட்டுவிடுவதுதான் பின்னால் வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் சிக்கலாகிறது. மாற்றியே தீர வேண்டும் என்றால் திருமணச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் ஆதார், அது வந்தபின் பான், பிறகு வங்கி, பாஸ்போர்ட். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும், எழுத்துப்பிழைக்கு ஒன்றை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.